ஒருபக்கம் மாநகராட்சி, மறுபக்கம் பேரூராட்சி... நடுவுல நம்ம கல்லல்!

"அப்பத்தா, நம்ம ஊரும் ஒருநாள் கார்ப்பரேஷன்ல சேந்துரும் போல!"

"சேரட்டும்டா. எங்க நூறுநா வேலை அட்டைய வாங்கிக்கிருவாய்ங்களா, அதச் சொல்லு மொத..."

கல்லல் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையிலும் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. பேரனுக்கு மாநகராட்சின்னா நல்ல ரோடு, பளிச்னு லைட்டு, இடத்துக்கு ஏறுற விலை. அப்பத்தாவுக்கு அது கைவிட்டுப் போகிற கூலி. ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். ஆனா, ரெண்டு பேருமே கேட்காம விட்ட ஒரு கேள்வி இருக்கு. ஊர் எல்லை மாறும்போது யாரைக் கேட்டு மாத்துறாங்க? அதுல நம்ம பேச்சுக்கு எங்கே இடம்?

முதல்லயே சொல்லிடுவோம். கல்லலை யாரோ தூக்கிட்டுப் போகப்போறாங்கன்னு வதந்தி கிளப்புற கட்டுரை இல்லை இது. கல்லல் இன்னமும் ஊராட்சிதான், ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும்கூட. ஆனா மேப்பை விரிச்சு வெச்சுப் பாருங்க.

வடகிழக்கே காரைக்குடி. 2024 மார்ச்ல அறிவிச்சு, அதே ஆகஸ்ட்ல மாநகராட்சியாத் தொடங்கி வெச்சாங்க. புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல் எல்லாம் அதே பேட்ச். 2011 கணக்கெடுப்புல காரைக்குடி நகராட்சியோட மக்கள்தொகை 1,06,714. சுத்துப்பட்டு ஊர்களையும் சேர்த்துத்தான் மாநகராட்சி உருவாச்சு. கோட்டையூர், கண்டனூர்னு ரெண்டு பேரூராட்சிகள். சங்கராபுரம், கோவிலூர், இலுப்பக்குடி, அரியக்குடி, தளக்காவூர்னு ஐந்து ஊராட்சிகள். வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த கோட்டையூரும், கர்னாடக இசையில ராமானுஜ ஐயங்கார் பேருக்கு முன்னாடி ஒட்டியிருக்கிற அரியக்குடியும் இப்போ ஒரே மாநகராட்சிக்குள்ள!

தெற்கே காளையார்கோவில், மருது பாண்டியர்களின் ஊர். 2025 புத்தாண்டையொட்டி அரசு வெளியிட்ட பெரிய அறிவிப்புல, புதிய பேரூராட்சிகளாக அமைக்க உத்தேசிச்ச 25 ஊர்கள்ல இதுவும் ஒண்ணு. ஆக, ஒருபக்கம் மாநகராட்சி, மறுபக்கம் பேரூராட்சி. நடுவுல கல்லல். "காரைக்குடிக்கு மிக அருகில்"னு பிளாட் விக்கிறவங்க போர்டு வைக்க ஆரம்பிச்சா, அந்த 'மிக அருகில்' எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் நீளும்னு உங்களுக்கே தெரியும்.

என்ன வரும், என்ன போகும்?

நகரத்தோட சேர்றதே கெடுதல்னு சொல்ற ஆள் நான் இல்லை. குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை அள்ளுறது, தெருவிளக்கு. இதுக்கெல்லாம் பெரிய நிதியும் இன்ஜினீயர்களும் இருக்கிற அமைப்பு தேவை. ஒரு சின்ன ஊராட்சியோட வருமானத்துல இதையெல்லாம் செய்யச் சொல்றது, மொபெட்ல லாரி லோடு ஏத்துற மாதிரி.

ஆனா பில்லும் வரும். தமிழ்நாட்டின் நகர்ப்புறங்கள்ல 2022-ல சொத்து வரி ஏறினது ஞாபகம் இருக்கும். 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 25 சதவிகிதம் உயர்வு. 1,800 சதுர அடியைத் தாண்டினா 100 சதவிகிதம். 1,800 சதுர அடிங்கிறது செட்டிநாட்டு வீடுகள்ல ஒரு வளவுக்கே பத்தாது! பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு யார் வரி கட்டுறதுன்னு பங்காளிங்களுக்குள்ள கிளம்புற பஞ்சாயத்து தனிக்கதை.

அப்பத்தாவோட கவலை இதைவிடக் கூர்மையானது. நூறு நாள் வேலைங்கிறது கிராமப்புறத்துக்கு மட்டுமான சட்டம். ஊர் நகரமானா அட்டை செல்லாது. அதுக்குப் பதிலா 125 நாள் வேலைன்னு 2025 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல நிறைவேறின புதுச் சட்டமும் கிராமப்புறத்துக்குத்தான். 2025 ஜனவரி அறிவிப்பு வந்ததும் தமிழ்நாட்டில் பல ஊர் மக்கள் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் நின்னதுக்கு இந்த ரெண்டும்தான் முக்கியக் காரணம்: வரி ஏறும், வேலை போகும்.

மூணாவதா ஒண்ணும் போகும். அதைப் பத்தித்தான் யாருமே ஸ்டேட்டஸ் போடுறதில்லை. அது கிராம சபை.

கிராம சபைன்னா தலைவர், மெம்பர்கள் உட்கார்ந்து பேசுற மீட்டிங்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. அரசியல் சாசனத்தின் 243-வது பிரிவுப்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற ஒவ்வொருத்தரும் அதுல உறுப்பினர். உங்களை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம், நியமிக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டுல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு நாள் கூடணும். கோரமும் உண்டு. 500 பேர் வரைக்கும் இருக்கிற ஊராட்சின்னா 50 பேர் வந்தாகணும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதுக்கு மேல 300 பேர். வரவு செலவு, திட்டங்கள், பயனாளிகள் பட்டியல்னு எல்லாத்தையும் அங்கே கேட்கலாம்.

நகரத்துல இதுக்கு ஈடு 'பகுதி சபை'. தமிழ்நாட்டுல இது நடைமுறைக்கு வந்ததே 2022 நவம்பர் 1-லதான். தாம்பரம் மாநகராட்சியின் பம்மல்ல முதல்வர் ஸ்டாலின் கலந்துகிட்டுத் தொடங்கி வெச்சார். நல்ல ஆரம்பம்தான். ஆனா வார்டு கமிட்டிக்கான பகுதிப் பிரதிநிதிகள் மக்கள் ஓட்டுப் போட்டு வர்றவங்க இல்லை, நியமிக்கப்படுறவங்க. நகரத்துல இருக்கிற உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட "கடைசியா எப்போ பகுதி சபைக்குப் போனீங்க?"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் தட்டிப் பாருங்க. பதிலுக்கு 'அப்படின்னா?' தான் வரும்.

இதுல சங்கராபுரம் கதை ஒரு சோகக் காமெடி. 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தல்ல அந்த ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ரெண்டு பெண்களுக்கும் அடுத்தடுத்து வெற்றின்னு சொல்லிச் சான்றிதழ் கொடுத்தாங்க. ஒரே நாற்காலி, ரெண்டு சான்றிதழ்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அப்படி மல்லுக்கட்டின நாற்காலி இப்போ இல்லவே இல்லை. சங்கராபுரம் மாநகராட்சிக்குள்ள போயிடுச்சு. ஐந்து ஊராட்சி போச்சுன்னா ஐந்து தலைவர் பதவி போச்சு, ஒவ்வொண்ணுலயும் இருந்த வார்டு மெம்பர் பதவிகளும் போச்சு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு. அந்தப் படிக்கட்டுல முதல்படியே இந்த வார்டு மெம்பர் பதவிதான்.

24 வயசுக்குள்ளயா? ஒரு அதிர்ச்சி

ஊராட்சியா இருக்கிறவரைக்கும் எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சா, அதுவும் இல்லை.

சிவகங்கை மாவட்டத்துல கடைசியா ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர். அந்தப் பிரதிநிதிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல முடிஞ்சுது. அன்னிலேருந்து தனி அலுவலர்கள் ஆட்சி. 2026 ஜனவரி 5-ம் தேதியோட முழுசா ஒரு வருஷம். ஐந்து வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்ங்கிறது அரசியல் சாசனத்தோட 243-ஈ பிரிவு. எல்லை மாற்றம், வார்டு மறுவரையறைன்னு காரணங்கள் வருது. ஊரே ஊராட்சியா நகரமான்னு முடிவாகாம வார்டு எப்படிப் பிரிக்கிறதுன்னு கேட்டா, அதுல ஒரு நியாயம் இருக்குதான். ஆனா இது முதல் தடவை இல்லையே! 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற உத்தரவால ரத்தாகி, மூணு வருஷத்துக்கும் மேல தனி அலுவலர்கள்தான் இருந்தாங்க. கூட்டிப் பார்த்தா, 2016 அக்டோபர்லேருந்து 2025 கடைசி வரைக்குமான ஒன்பது வருஷ சொச்சத்துல நாலு வருஷத்துக்கும் மேல தேர்ந்தெடுத்த ஆள் இல்லாமத்தான் நம்ம கிராமங்கள் ஓடியிருக்கு.

இடைத்தேர்தல்களை விட்டுடுவோம். 2001 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த ஒருத்தர், கல்லல்லயே இருந்தாலும், தன் ஊராட்சித் தலைவருக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டிருக்க முடியாது. எம்.பி-க்குப் போட்டிருப்பாங்க, எம்.எல்.ஏ-வுக்குப் போட்டிருப்பாங்க. தெருக்குழாய்க்குப் பொறுப்பான ஆளுக்கு இல்லை.

இதனால பணமும் நிக்கும். 15-வது நிதிக்குழு மானியம், முறையாத் தேர்தல் நடந்து அமைஞ்ச உள்ளாட்சிகளுக்குத்தான். இது நிதிக்குழுவே வெச்ச நிபந்தனை. "தலைவர் இல்லாட்டி என்ன, ஆபீசர் பார்த்துக்குவாரு"ன்னு சொல்ற நல்லவங்க இதையும் கணக்குல எடுத்துக்கணும். இன்னொண்ணு... கிராம சபை இப்பவும் கூடுது. அக்டோபர் 2-ல கூட வேண்டியது, 2025-ல அக்டோபர் 11-ல நடந்துச்சு. முதல்வர் வீடியோவுல பேசினார். ஆனா கேள்வி கேட்கப்பட வேண்டிய தலைவரோட இடத்துல தனி அலுவலர். அவர் அடுத்த தேர்தலுக்காக உங்க முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதவர். அது அவரோட தப்பு இல்லை. அந்த ஏற்பாடே அப்படி.

சரி, தீர்மானம் போட்டா மட்டும் நடந்துருமா?

நடந்திருக்கு. கல்லலுக்கு மேற்கே, மேலூர் பக்கத்துல. 2024 நவம்பர் 7-ம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் ஏலத்துல ஹிந்துஸ்தான் ஜிங்க் தேர்வானதா மத்திய அரசு அறிவிச்சுது. ஏறக்குறைய 5,000 ஏக்கர். அதுக்குள்ளதான் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பர்யத் தலம்னு 2022-ல அறிவிக்கப்பட்ட ஊர். நவம்பர் 23-ம் தேதி நடந்த கிராம சபைகள்ல மேலூர் பக்கத்து ஊராட்சிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டுச்சு. டிசம்பர் 9-ல சட்டமன்றமே தீர்மானம் போட்டுச்சு. ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலேருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் ஆயிரக்கணக்கானவங்க நடந்து வந்தாங்க. ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்து!

இதுல தேதிகளைக் கவனிச்சீங்களா? தீர்மானம் போட்டப்போ அந்த ஊர்கள்ல தேர்ந்தெடுத்த தலைவர்கள் இருந்தாங்க. ஜனவரி 5-ம் தேதி அவங்க பதவி முடிஞ்சுது. ரெண்டே நாள் கழிச்சு மக்கள் நடந்தப்போ, பதவியில ஒரு தலைவரும் இல்லை. ஆனா கையில தீர்மானம் இருந்துச்சு. 'யாரோ தூண்டிவிட்டு வந்த கூட்டம்'னு ஒதுக்க முடியாத ஆதாரம் அது. பேச்சு வார்த்தையா, வழக்கா, டிவி விவாதமா... எதுக்கும் அந்தப் பேப்பர்தான் முதல் பக்கம்.

ஒடிசாவின் நியம்கிரியிலயும் 2013-ல இதேதான். பாக்சைட் சுரங்கம் வேணுமான்னு 12 கிராம சபைகள்கிட்ட கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பன்னிரண்டும் 'வேண்டாம்'. அங்கே சுரங்கம் கேட்டது வேதாந்தா. ஹிந்துஸ்தான் ஜிங்க்கும் அதே குழுமம்தான்!

ஆனா ஓவரா ஹைப் ஏத்திக்கவும் கூடாது. நியம்கிரியில வன உரிமைச் சட்டம் துணைக்கு இருந்துச்சு. நம்ம ஊர் கிராம சபைத் தீர்மானத்துக்கு அப்படி ஒரு வீட்டோ பவர் கிடையாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிரா ஏகனாபுரம் மக்கள் 2022-லேருந்து எத்தனையோ கிராம சபைகள்ல தீர்மானம் போட்டுட்டாங்க. திட்டம் நிக்கலை. ஒரு ஊரை நகரத்தோட சேர்க்கிறதுக்கும் இதே நிலைமைதான். எது நகரம்னு முடிவு பண்ண அரசியல் சாசனத்தின் 243-கியூ பிரிவு சொல்ற அளவுகோல்கள்: மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சி வருமானம், விவசாயம் அல்லாத வேலைகளோட சதவிகிதம், பொருளாதார முக்கியத்துவம். 'மக்கள் சம்மதம்'ங்கிற வார்த்தை அந்தப் பட்டியல்ல இல்லை. ஆட்சேபம் சொல்லலாம், அவ்வளவுதான்.

அப்புறம் எதுக்கு கிராம சபைன்னு கேட்கலாம். என்னோட பதில்: ஆட்சேபத்தைத் தனித்தனியா நாற்பது பேர் மனுவா எழுதிக் கொடுக்கிறதுக்கும், கோரத்தோட கூடின ஒரு சபை மினிட் புக்குல ஏத்தித் தர்றதுக்கும் எடை வேற. அரிட்டாபட்டியில அந்த எடைதான் சட்டமன்றம் வரைக்கும் போச்சு. 'வேண்டாம்'னுதான் தீர்மானம் இருக்கணும்னும் இல்லை. "சேரத் தயார், ஆனா வரி ஏத்துறதுக்கு முன்னாடி குடிநீர் வரணும், ஊரணியை மூடிக் கட்டடம் கட்டக் கூடாது"ன்னு நிபந்தனையோடவும் போடலாம். கோவில் குளத்தையும் ஊரணியையும் வெச்சே ஊரைக் கட்டின சீமை இது. அந்த ஊரணியை நகரத்துல யார் பராமரிப்பாங்கன்னு கேட்கிறது சின்ன கேள்வி இல்லை.

அம்பலம் வேற, சபை வேற

நம்ம சீமையில ஊர்க்கூட்டம் ஒண்ணும் புதுசு இல்லை. நாடு, அம்பலம், நகரத்தார் கூட்டம்னு எல்லாம் இருந்துச்சு, இருக்குது. திருவிழாவுலேருந்து நிலத் தகராறு வரைக்கும் அங்கே பேசித் தீர்த்திருக்காங்க. ஆனா அங்கே யார் பேசினா? பெரும்பாலும் ஆம்பளைங்க, அதுவும் குறிப்பிட்ட சாதிக்காரங்க. அப்பத்தா அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்டிருப்பாங்களா?

அதே மேலூர் பக்கம் மேலவளவுல, தனித்தொகுதியா மாறின ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30-ம் தேதி, கூட வந்தவங்களோட சேர்த்து, பஸ்ஸை மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. ஒரு ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு! 'ஊராட்சித் தேர்தல் லேட்டானா என்ன பெருசா போச்சு'ன்னு யாராவது சொன்னா, எனக்கு அந்தத் தேதிதான் ஞாபகம் வரும். கிராம சபையும் எல்லா இடத்துலயும் சமமா நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். ஏற்கெனவே எழுதி வெச்ச தீர்மானத்துல கையெழுத்து மட்டும் வாங்குற கூட்டங்களும் உண்டு. ஆனா, உட்கார விட மாட்டேன்னு சொல்ல அங்கே யாருக்கும் சட்டத்துல உரிமை இல்லை. அந்த வித்தியாசம் பெருசு.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றீங்கதானே?

இப்போ ஒரு எதிர்பாராத இடைவெளி கிடைச்சிருக்கு. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31-ஓட உறைய வெச்சாங்க. 2026 ஜனவரி 1-லேருந்து 2027 மார்ச் 31 வரைக்கும் கிராமம், நகரம்னு எந்தக் கோட்டையும் மாத்தக் கூடாது. ஆக, கல்லல் மாதிரி ஊர்களுக்குக் கிடைச்சது பதினைஞ்சு மாசம். அடுத்த கோடு எங்கே விழணும்னு அரசு யோசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஊர் யோசிச்சு முடிக்கலாம்.

அதுக்கு முதல்ல பட்டியல்ல பேர் இருக்கணும். தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துல, 2025 டிசம்பர் 19-ம் தேதி வந்த வரைவுப் பட்டியல்லேருந்து 97 லட்சத்துக்கும் அதிகமான பேர்கள் போயிருக்கு. இறந்தவங்க, ரெட்டைப் பதிவு எல்லாம் அதுல சேர்த்தி. ஆனா, சென்னையிலயும் திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் வேலை பார்க்கிற பிள்ளைங்க நிறைஞ்ச நம்ம பக்கத்துல, வீடு பூட்டியிருந்ததால பேர் போனவங்களும் இருக்கலாம். இதை எல்லாரும் சட்டமன்றத் தேர்தல் கண்ணாடி வழியாத்தான் பார்க்கிறாங்க. ஊராட்சிப் பட்டியலுக்கும் இதுதான் அடிப்படை. இங்கே பேர் இல்லைன்னா கிராம சபையில நீங்க பார்வையாளர்தான், உறுப்பினர் இல்லை. பேர் சேர்க்க படிவம் 6. அந்த வரைவுப் பட்டியல் மேல ஆட்சேபம், கோரிக்கைக்கெல்லாம் முதல்ல அறிவிச்ச கடைசி நாள் 2026 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷப் பொங்கல் 15-ம் தேதி வியாழக்கிழமை. அதாவது, கரும்பு கடிச்சுக்கிட்டே வாக்குச்சாவடி அலுவலரைத் தேடிப்போக நாலு நாள் இருந்துச்சு.

சும்மா இருக்கிற நேரத்துல போன்ல இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைத் திறந்து உங்க ஊராட்சி பேரைப் போடுங்க. என்ன திட்டம் போட்டாங்க, எவ்வளவு செலவுன்னு வருஷவாரியா வரும். அதுல இருக்கிற ஒரு சிமென்ட் ரோடு உங்க தெருவுல நிஜமா இருக்கான்னு நடந்து போய்ப் பாருங்க. இல்லைன்னா பத்து ரூபாய் கட்டணத்துல ஒரு தகவல் அறியும் உரிமை மனு. முப்பது நாள்ல பதில் வரணும்.

வருஷத்தோட முதல் கிராம சபை ஜனவரி 26.  பொங்கலுக்கு வந்துட்டுப் போய், பத்தே நாள்ல மறுபடி ஊருக்குக் கிளம்புறதுக்கு ரயில்ல டிக்கெட் கிடைக்கிறது கஷ்டம்தான். முடியாதவங்க, அப்பத்தாவுக்கு ஒரு போன் போட்டு எந்த இடத்துல எத்தனை மணிக்குக் கூட்டம்னு சொல்லிடுங்க. அட்டையைப் பத்தின கேள்வியை அவங்களே கேட்டுக்குவாங்க.